தலையிடிக்குக் கடையில் வாங்கும் கலப்புக் குளிசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை பாமசியிலும் பலசரக்குக் கடையிலும் டிஸ்பென்சரி வாசலிலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் மூன்று பதில்களை எல்லாரும் வாசியுங்கள். மிச்சமெல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கின்றன.

"கலப்புக் குளிசை எண்டா என்ன? பனடோலும் அதுதானே?"

இல்லை. சாதாரண பனடோலில் ஒரே மருந்துதான் இருக்கிறது: பரசிட்டமோல், குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம். இரண்டு மூன்று மருந்தை ஒரே குளிசைக்குள் சேர்த்து அடித்திருந்தால் அது கலப்புக் குளிசை. பனடீனில் பரசிட்டமோல் 500, கோடீன் (அபின் வகையைச் சேர்ந்த நோ மருந்து) 8. பனடோல் எக்ஸ்ட்ராவில் பரசிட்டமோல் 500, கஃபீன் 65. லண்டனில் இருந்து வரும் அனடின் எக்ஸ்ட்ராவில் அஸ்பிரின் 300, பரசிட்டமோல் 200, கஃபீன் 45. அமெரிக்கப் பக்கத்து எக்செட்ரினில் அஸ்பிரின் 250, பரசிட்டமோல் 250, கஃபீன் 65. இந்தியாவுக்குப் போனவர்கள் கொண்டுவரும் சாரிடோனில் பரசிட்டமோல் 250, புரோபிபெனசோன் என்ற இன்னொரு நோ மருந்து 150, கஃபீன் 50. தடிமனுக்கென்று விற்கும் குளிசைகளில் பெரும்பாலானவையும் கலப்புத்தான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் வாசிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான். இன்னொன்று: கனடாவிலும் அமெரிக்காவிலும் பரசிட்டமோலை அசெற்றாமினோபென் என்று எழுதுவார்கள். அங்கே இருந்து வரும் டைலெனோல் என்பதும் பரசிட்டமோல்தான். பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

"மச்சான் கட்டார்ல இருந்து கொண்டந்த பனடோல் எக்ஸ்ட்ரா நல்ல பவராமே, இங்கத்தயத விட நல்லமா?"

பரசிட்டமோல் அளவு இரண்டிலும் ஒன்றுதான். கூடுதலாக இருப்பது கஃபீன், அதாவது தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கும் அதே பொருள். அது நோ மருந்தின் வேலையைக் கொஞ்சம் கூட்டும். அந்தக் கூடுதல் பெரியதும் இல்லை, எல்லாருக்கும் தெரிவதும் இல்லை.

ஒரு கோப்பை தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. பனடோல் எக்ஸ்ட்ரா இரண்டு போட்டால் 130. இரவு எட்டு மணிக்கு இரண்டைப் போட்டுவிட்டு, நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று பயப்படுகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் மறுபடி தலையிடி. பின்னேரத்துக்குப் பிறகு கஃபீன் சேர்ந்த குளிசை வேண்டாம், சாதாரண பரசிட்டமோல் போதும்.

"ஒரு நாளைக்கு எத்தின போடலாம்?"

50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள, ஈரல் வருத்தம் இல்லாத வளர்ந்தவருக்குப் பரசிட்டமோல் ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு குளிசை. அடுத்த தடவைக்கு 4 மணித்தியாலமாவது போக வேண்டும், 6 போனால் நல்லது. 24 மணித்தியாலத்தில் 4000 மில்லிகிராம் என்பது மேல் எல்லை. 500 குளிசையில் அது 8. எல்லை என்பது அதைத் தாண்டக் கூடாது என்பதற்கு. தினமும் அதைத் தொட்டு நிற்பதற்கு இல்லை.

மெலிந்தவர்கள், வயசாளிகள் கவனிக்க வேண்டும். 40 கிலோ உள்ள அம்மம்மாவுக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 600தான் உச்சம். நடைமுறையில் ஒரு குளிசை. நாள் முழுதுக்கும் 2400தான் எல்லை, ஆகவே 500 குளிசையில் நாலுக்கு மேல் போக வேண்டாம்.

கலப்புக் குளிசையில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. பனடோல் எக்ஸ்ட்ரா எட்டு போட்டால் பரசிட்டமோல் எல்லைக்குள் நிற்கும், ஆனால் கஃபீன் 520 ஆகிவிடும். நல்ல சுகமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 400தான் சொல்லப்படுகிறது, அதுவும் குடிக்கும் தேத்தண்ணியையும் சேர்த்து. மைக்ரேனுக்கு எக்செட்ரின் எடுப்பதென்றால் அதன் பெட்டியிலேயே 24 மணித்தியாலத்துக்கு 2 என்றுதான் போட்டிருக்கிறது.

"ரெண்டு போட்டன், நிக்கல்ல. இன்னும் ரெண்டு போட்டா என்ன?"

எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். குளிசை வயிற்றில் கரைந்து வேலை தொடங்க அரை மணியில் இருந்து ஒரு மணித்தியாலம் எடுக்கும். இருபது நிமிடத்தில் நிற்கவில்லை என்று அடுத்ததைப் போடுவதுதான் அளவு கூடிப்போவதற்கு முதல் வழி. நேரத்தைக் குளிசைக் காட்டின் (அட்டையின்) பின்பக்கமோ கையிலோ எழுதி வையுங்கள். தலையிடிக்கிற நேரத்தில் நினைவை நம்ப முடியாது.

முழு அளவு போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் குறையாவிட்டால், அந்தத் தலையிடிக்கு அந்த மருந்து சரியில்லை என்று எடுங்கள். தண்ணீர் குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா, வெயிலில் நின்றீர்களா, கண்ணாடி மாற்ற வேண்டி இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று பாருங்கள்.

"டிஸ்பென்சரில கடதாசிப் பைக்குள்ள நாலு விதக் குளிசை தந்தாங்க. அதோட பனடோலும் போடலாமா?"

பெயர் தெரியாமல் போடாதீர்கள். காய்ச்சல், தடிமன், உடம்பு நோ என்று போனவருக்குத் தரும் பையில் பரசிட்டமோல் இருப்பது வழக்கம். சில நேரம் டைக்ளோபினாக்கோடு சேர்த்த கலப்பாகவும் இருக்கும். பைக்கு வெளியே "மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் குருட்டுக் கணக்குத்தான் போடுகிறீர்கள். மருந்து தருகிறவரிடம் "ஒவ்வொரு பையிலும் மருந்தின் பெயரை எழுதித் தாங்க" என்று கேளுங்கள். இது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. தனக்குள் போகும் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

இரண்டு மருந்தைச் சேர்ப்பதற்கு விதி சுலபம். ஒரே பொருள் இரண்டிலும் இருக்கக் கூடாது. பரசிட்டமோலோடு பரசிட்டமோல் கூடாது. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினாக், மெபெனமிக் அசிட் ஆகிய நாலும் ஒரே குடும்பம், அவற்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். தடிமன் குளிசை போட்டவர் பனடோல் போடக் கூடாததும் முதல் காரணத்தால்தான். கடையில் காட்டை வெட்டி இரண்டு குளிசை வாங்கும்போதும் பெயரும் முடிவு திகதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. முடிந்தால் முழுக் காட்டாக வாங்குங்கள்.

சமஹன், கொத்தமல்லித் தண்ணி, சித்தாலேப பூசுவது இவற்றில் பரசிட்டமோல் இல்லை, சேரலாம். சமஹனில் சீனி இருப்பதைச் சீனி வருத்தக்காரர் கணக்கில் எடுக்க வேண்டும். பூசுமருந்தைக் கைப்பிள்ளையின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

"வெறும் வயித்தில போடலாமா?"

பரசிட்டமோல் மட்டும் என்றால் போடலாம். அஸ்பிரினோ இபுபுரோபனோ சேர்ந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான். கெஸ்ரிக், வயிற்றுப் புண் இருந்தவர்கள் அந்தக் குடும்பத்தையே விடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் அவை புண்ணைக் கிளறும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு இதே குடும்பம் மூச்சை இறுக்கும்.

"காய்ச்சலோட தலையிடியும் கண்ணுக்குப் பின்னால நோவும். டிஸ்பிரின் போட்டா கெதியாக் கேக்குமாம்?"

வேண்டவே வேண்டாம். டிஸ்பிரின் என்பது அஸ்பிரின்தான். மாரி மழை தொடங்கினால் எங்கள் பக்கம் காய்ச்சல் என்றதும் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. டெங்கில் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைகின்றன. அஸ்பிரின் இருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும், இரத்தப்போக்குக்கு வழி திறக்கும். இபுபுரோபனும் டைக்ளோபினாக்கும் அப்படித்தான், சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும். ஆகவே காய்ச்சல் இருக்கும்போது கலப்புக் குளிசை எதுவும் வேண்டாம். பரசிட்டமோல் மட்டும், மேலே சொன்ன அளவில். காய்ச்சல் விடவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். டெங்கில் ஈரலும் பாதிக்கப்பட்டிருக்கும், கூடுதல் பரசிட்டமோல் அதற்கு மேலும் சுமை. நனைத்த துணியால் உடம்பைத் துடையுங்கள், இளநீர், கஞ்சி, ஜீவனி குடிக்கக் கொடுங்கள்.

மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் குறைந்தவுடன் சுகமாகிவிட்டது என்று நினைப்பதுதான் டெங்கில் ஆபத்தான தவறு, மோசமான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத சத்தி, வயிற்று நோ, கைகால் குளிர்வது, முரசில் இரத்தம், சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வயலில் சேற்றுக்குள் நின்றவருக்குக் காய்ச்சலும் தலையிடியும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் சிறுநீரகத்தில் கை வைக்கும் வருத்தம், ஆகவே இதே விதிதான். வயலில் இறங்கினதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

"நான் கிளினிக் ஆள். பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுக்கிறன். எது போடலாம்?"

தலையிடிக்குப் பரசிட்டமோல் மட்டும் பெரும்பாலும் பாதுகாப்பு. இபுபுரோபன் குடும்பம் பிரஷரைக் கூட்டும். பிரஷருக்கான எனலாபிரில் அல்லது லொசாட்டன், அதோடு சிறுநீர் போகும் குளிசை, அதற்கு மேல் இபுபுரோபனோ டைக்ளோபினாக்கோ என்று மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். சிறுநீரக வருத்தம் இருப்பவர்களுக்கு அந்தக் குடும்பம் அறவே கூடாது. மூக்கடைப்புக்கு மருந்து சேர்ந்த தடிமன் குளிசையும் பிரஷரை ஏற்றும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் குளிசையில் உப்பும் நிறைய.

இதயத்துக்கென்று தினமும் அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தலையிடிக் குளிசையாக நினைத்து இன்னொன்று போடக் கூடாது, நிறுத்தவும் கூடாது. இபுபுரோபன் அந்த அஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் எந்தக் கலப்புக் குளிசையையும் தொடாதீர்கள்.

சீனிக்குக் கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் எடுப்பவருக்குச் சாப்பாடு பிந்தித் தலையிடி, வியர்வை, நடுக்கம் வந்தால் குளிசை தேடாதீர்கள். அது சீனி இறங்கியது. உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, பிறகு சோறோ பிஸ்கட்டோ சாப்பிடக் கொடுங்கள்.

"புள்ளைக்குப் பாதியா உடைச்சுக் குடுத்தாச் சரியா?"

பாதி, கால் என்று கண்ணால் அளக்காதீர்கள். பிள்ளைக்குக் கணக்கு எடையில்தான்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவை 200 முதல் 300. பாணியாகக் கொடுத்தால் போத்தலைப் பாருங்கள். 5 மில்லிலீற்றரில் 120 உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பழைய போத்தலின் அளவைப் புதியதற்கு வைத்தால் இரட்டிப்பாகிவிடும். குசினிக் கரண்டி வேண்டாம், போத்தலோடு வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

16 வயதுக்குள் அஸ்பிரின் எதுவும் கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஓர் அரிய, கொடிய வருத்தம் அதனால் வரலாம். 12 வயதுக்குள் கோடீன் கூடாது, மூச்சை அடக்கிவிடும். எனவே பனடீனும் இல்லை.

"மாசமா இருக்கன். பால் குடுக்கிறவங்களும் போடலாமா?"

கர்ப்பத்தில் பரசிட்டமோல் தனியாக, தேவையான மிகக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. அஸ்பிரினும் இபுபுரோபனும் நீங்களாகப் போடக் கூடாது. 20 கிழமைக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும், கடைசி மாதங்களில் இதயத்தோடு சேர்ந்த இரத்தக்குழாயையும் பாதிக்கும். கிளினிக்கில் டொக்டரே சிறிய அளவு அஸ்பிரின் தந்திருந்தால் அது வேறு, அதை நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கிறவர்களுக்குக் கோடீன் கூடாது. சிலருடைய உடம்பு அதை வேகமாக மோபின் என்ற பலமான மருந்தாக மாற்றும், பாலில் இறங்கிப் பிள்ளை மயங்கிப்போகலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 20 கிழமைக்குப் பிறகும் பிள்ளை பிறந்த முதல் கிழமைகளிலும் கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, விலாவுக்குக் கீழ் நோ என்று வந்தால் குளிசை போட்டுப் படுக்காதீர்கள். அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். மிட்வைஃபுக்குச் சொல்லிவிட்டு நேரே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

"நோன்புல பின்னேரம் தல வெடிக்குது. சஹருக்கே நாலு போட்டா தாங்குமா?"

தாங்காது. பரசிட்டமோலின் வேலை 4 முதல் 6 மணித்தியாலம்தான், நாலு போட்டால் நேரம் நீளாது, ஈரலுக்குச் சுமைதான் கூடும். நோன்புத் தலையிடிக்குப் பெரிய காரணங்கள் இரண்டு: தண்ணீர் குறைவு, வழக்கமான தேத்தண்ணி நின்றது. தினமும் ஐந்தாறு கோப்பை குடித்தவருக்குக் கஃபீன் நின்று ஒரு நாளுக்குள் தலையிடி வரும். றமழானுக்கு இரண்டு கிழமை முன்பே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள், சஹரில் ஒரு கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நோன்பு திறந்ததில் இருந்து சஹர் வரை பரப்பிக் குடியுங்கள். சத்தி, மயக்கம் என்று போனால் நோயாளி நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய மார்க்கத்தில் இடமிருக்கிறது.

சஷ்டி விரதக்காரருக்கும் இதுதான். உகந்தை தாண்டிக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு ஒன்று கூடுதல்: வெயிலில் நடந்து சிறுநீர் மஞ்சளாகக் குறைந்து போகும்போது இபுபுரோபன், டைக்ளோபினாக் போடாதீர்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை அடிக்கும். நிழல், தண்ணீர், ஜீவனி, பிறகு தேவையென்றால் பரசிட்டமோல்.

"இரவு குடிச்சவர், காலம்புற தலையிடி எண்டு பனடோல் கேக்கிறார்?"

எப்போதாவது குடித்தவருக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து ஒன்று போடலாம். தினமும் குடிக்கிறவர் நாளுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கண் மஞ்சளென்றால் டொக்டரைக் கேட்காமல் ஒன்றும் கூடாது. அஸ்பிரின், இபுபுரோபன் குடித்த வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். கோடீன் மூச்சை மந்தமாக்கும். விழுந்து தலை அடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"அப்ப கலப்புக் குளிசையே வேணாமா?"

அப்படியில்லை. மேலே சொன்ன தடைகள் இல்லாத, டொக்டர் மைக்ரேன் என்று சொன்ன ஒருவருக்கு அஸ்பிரின், பரசிட்டமோல், கஃபீன் மூன்றும் சேர்ந்த குளிசை நன்றாக வேலை செய்கிறது. தலை பிளக்கத் தொடங்கியபின் போட்டால் பலன் பாதிதான், மைக்ரேனில் வயிறு மந்தமாகிக் குளிசை உள்ளே இறங்காது. அறிகுறி தெரிந்தவுடனே ஒரு தடவை, முழு அளவில், சாப்பாட்டோடு. கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் இல்லை. கோடீன் கலந்ததை மைக்ரேனுக்கு வழக்கமாக்காதீர்கள். சத்தியையும் மலச்சிக்கலையும் கூட்டும், நித்திரை தூக்கும், மோட்டார் சைக்கிள் ஓடவும் தோணியில் போகவும் ஆகாது, பழக்கமும் ஆகும்.

"ஒவ்வொரு நாளும் ஒண்டு போட்டாத்தான் வேல செய்ய ஏலும். அதுல என்ன பிழ?"

அந்தத் தலையிடியை இப்போது குளிசையே உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். கலப்புக் குளிசையை அல்லது கோடீனை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, சாதாரண பரசிட்டமோலை அல்லது இபுபுரோபனை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் மூளை நோவுக்கு இன்னும் கூருணர்வாகிவிடுகிறது. மருந்து இறங்கும் நேரத்தில் தலையிடி, அதற்கு மறுபடி குளிசை. விடியப்புறம் எழும்பும்போதே தலையிடி, மாதத்தில் பாதிக்கு மேல் தலையிடி என்றால் இதைச் சந்தேகியுங்கள். கலப்பில் எல்லை 10 ஆக இறங்கி நிற்பதைக் கவனியுங்கள்.

கலண்டரில் குளிசை போட்ட நாளுக்குப் புள்ளடி போடுங்கள். ஒரு மாதம் போட்டாலே நிலைமை தெரியும். கோடீன் இல்லாததை ஒரேயடியாக நிறுத்தலாம். முதல் இரண்டு நாளில் இருந்து பத்து நாள் வரை தலையிடி கூடும், சத்தியும் வரலாம், அது எதிர்பார்க்க வேண்டியதே. முழுதாகச் சீராக இரண்டு மாதம் வரை எடுக்கும். அறுவடை நேரத்திலோ கல்யாண வீட்டுக் கிழமையிலோ தொடங்காதீர்கள். கோடீன் தினமும் எடுத்தவர் டொக்டரோடு சேர்ந்துதான் குறைக்க வேண்டும். அந்தக் கலண்டரையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். புரொப்ரனலோல், அமிட்ரிப்டிலின் மாதிரித் தலையிடி வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, அரச ஆசுப்பத்திரியில் காசில்லை.

"எந்தத் தலையிடிக்குக் குளிசை போடாம ஓடணும்?"

இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறினது. வாய் கோணுவது, கை கால் ஒரு பக்கம் விழுவது, பேச்சுக் குழறுவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, பேச்சுத் தடுமாறுவது. தலை அடிபட்ட பிறகு வந்தது. ஒரு கண் சிவந்து நோவோடு பார்வை மங்குவது. 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்கினது. கடைசியானது ஓரிரு நாளுக்குள், மற்றவை இப்போதே. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பாரிசவாதம் என்று சந்தேகித்தால் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். குழாய் அடைத்ததா வெடித்ததா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், வெடித்திருந்தால் அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் நேரம், ஆகவே தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நேத்து தெரியாம பதினாலு பதினஞ்சு போட்டுட்டன். ஒண்டும் செய்யல்ல. பயமில்லதானே?"

பயப்பட வேண்டிய இடம் இதுதான். பரசிட்டமோல் அளவு கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, அல்லது கொஞ்சம் ஓங்காளிக்கும். ஈரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும்: வலது விலாவுக்குக் கீழ் நோ, கண் மஞ்சள், தடுமாற்றம். அதற்குள் நேரம் போய்விடும். மாற்று மருந்து இருக்கிறது, அசிற்றைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். பிந்திப் போனாலும் கொடுப்பார்கள், பலன் உண்டு. ஆகவே இன்றைக்கு, இப்போதே போங்கள்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, எது கிட்டவோ அது.

சத்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். யாராவது மனமுடைந்து வேண்டுமென்றே போட்டிருந்தால் ஏசவோ விசாரிக்கவோ இது நேரமில்லை. பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அடிக்கலாம். போகும்போது வெறும் காட்டுகள், கடதாசிப் பைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசிக் குளிசை போட்ட நேரத்தை அதன்மேல் எழுதுங்கள். இரத்தத்தில் பார்க்கும் அளவை அந்த நேரத்தை வைத்துத்தான் டொக்டர் கணக்கிடுவார்.